இடது பின் சக்கரத்து ஆணிகள்

சாரம் பகுதியில் இருந்த டயர் கடையில் பாக்யலட்சுமியின் காரிலிருந்து நான்கு டயர்களையும் கழற்றி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. கடைக்காரர் ராஜாங்கம் முதல் டயரிலேயே வியர்த்துப் போனார்.

"இது டயர் இல்லம்மா, பாறாங்கல்லு," என்றார்.

அவை ரன்-ஃப்ளாட் டயர்கள். பக்கச் சுவர் அவ்வளவு தடிமன். காற்று முழுக்கப் போய்விட்டாலும் வண்டி தரையில் உட்காராது. மெதுவாக ஓட்டினால் எழுபது எண்பது கிலோமீட்டர் போய்ச் சேர்ந்துவிடலாம். அந்த தைரியத்தில் கார் செய்தவர்கள் ஸ்டெப்னியே வைக்கவில்லை. டிக்கியில் அதற்கான குழிகூடக் கிடையாது. பிரான்சுக்கே குடிபோய்விட்ட ஒரு டாக்டரிடமிருந்து போன வருடம் அந்த ஜெர்மன் காரை வாங்கியபோது, பாக்யலட்சுமியின் கணவன் கலைச்செல்வன் இதைத்தான் பெரிய வசதியாகச் சொன்னான். ஆனால் வீராம்பட்டினத்திலிருந்து தினமும் காரை ஓட்டிக்கொண்டு முத்தியால்பேட்டைக்கு வேலைக்குப் போனவள் பாக்யலட்சுமி. ஒவ்வொரு வேகத்தடையும் அவள் இடுப்பில் வந்து இடித்தது. கலைச்செல்வன் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் மீன் ஏலம் எடுப்பவன்; விடிவதற்கு முன்பே மினி லாரியில் போய்விடுவான். அவன் இடுப்புக்கு எதுவும் தெரியாது.

டயர்கள் தேய்ந்தபோது, அதே வகை வேண்டுமென்றால் சென்னையிலிருந்து வரவழைக்கப் பத்து நாளாகும் என்றார்கள். சாதா டயரே போட்டுவிடலாம் என்று பாக்யலட்சுமி முடிவு செய்தாள்.

"அம்மா, கொஞ்சம் இங்க வந்து பாருங்க," என்று ராஜாங்கம் கூப்பிட்டார்.

இடது பின் டயரின் உள்ளே டார்ச் அடித்துக் காட்டினார். அடியில் கறுப்பாக ஏதோ மாவு மாதிரி படிந்திருந்தது.

"ரப்பர் தூள். இந்த டயர் காத்தே இல்லாம ஓடியிருக்கு. சுவர் மடங்கி மடங்கி உள்ளுக்குள்ளயே அரைபட்டிருக்கு."

"எப்போண்ணா?"

"அத நீங்கதான் சொல்லணும். லைட்டு எதுவும் எரியலயா?"

எரிந்தது. மழைக்காலத்தில் ஒருநாள் மீட்டர் பக்கத்தில் மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்தது. 'சென்சார் கோளாறு' என்று சொல்லி, எந்தப் பொத்தானையோ அழுத்தி அதை அணைத்துக் கொடுத்தான் கலைச்செல்வன். அதற்குப் பிறகு எத்தனை நாள் காற்றில்லாத சக்கரத்தோடு போய் வந்திருக்கிறோம் என்று அவள் மனதுக்குள் எண்ணிப் பார்த்தாள்.

ராஜாங்கம் ஒரு குறடால் ரப்பரிலிருந்து எதையோ பிடுங்கினார். ஆணி. பக்கத்திலேயே இன்னொன்று. கடைசியில் அவள் உள்ளங்கையில் ஏழு ஆணிகள் கிடந்தன. வலது முன் டயரில் ஒன்று, வலது பின் டயரில் ஒன்று. மீதி ஐந்தும் இடது பின் டயரில்.

"ஏழு ஆணியோட ஓட்டியிருக்கீங்க. சாதா டயரா இருந்தா ஏழு தடவ நடுரோட்டுல நின்னிருப்பீங்க," என்று சிரித்தார் ராஜாங்கம்.

பாக்யலட்சுமி சிரிக்கவில்லை. ஆணிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழும் ஒரே நீளம், ஒரே கறுப்பு. தெருவில் கிடக்கும் ஏழு ஆணிகளை எடுத்தால் ஏழு விதமாக அல்லவா இருக்க வேண்டும்?

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பதினாறு வருடமாக வேலை பார்ப்பவள் அவள். கைப்பையில் எப்போதும் மூடி போட்ட சின்ன மாதிரிக் குப்பி ஒன்றிரண்டு இருக்கும். ஆணிகளை ஒரு குப்பியில் போட்டு, தேதியும் எந்தச் சக்கரம் என்பதும் எழுதி ஒட்டினாள்.

புது டயர்களில் கார் மிதந்தது. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வரும் வழியில் அரியாங்குப்பத்துப் பாலத்தின் இணைப்பு வரும்போது பழக்கத்தில் இடுப்பை இறுக்கிக்கொண்டாள், ஒன்றும் வரவில்லை. இத்தனை நாள் இந்தக் காரையா ஓட்டினோம் என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

அந்தச் சந்தோஷம் எட்டு நாள் நீடித்தது. ஒன்பதாவது நாள் மத்தியானம் வேலை முடிந்து வெளியே வந்தால், இடது பின் சக்கரம் தரையோடு சப்பையாகக் கிடந்தது. கலைச்செல்வனுக்குப் போன் செய்தாள்.

"ஸ்டெப்னி எங்க இருக்கு?" என்று கேட்டவன், ஸ்டெப்னியே இல்லை என்பது நினைவு வந்து நிறுத்தினான். "இதுக்குத்தான் சொன்னேன், பழைய டயரே போட்டிருக்கலாம்னு."

"பழைய டயர் போட்டிருந்தா ஆணி குத்தாதா?"

"குத்தும். ஆனா தெரியாது இல்ல?"

தெரியாமல் இருப்பது எப்படி நல்லதாகும் என்று அவளுக்கு விளங்கவில்லை. முத்தியால்பேட்டை மார்க்கெட் பக்கமிருந்து ஒருவர் பெட்டியோடு வந்து, சக்கரத்தைக் கழற்றாமலே பஞ்சர் ஒட்டிக் கொடுத்தார். பிடுங்கிய ஆணியை அவள் கேட்டு வாங்கினாள். அதே நீளம். அதே கறுப்பு.

அன்றே கடையில் ஒரு பஞ்சர் பெட்டி வாங்கினாள். சிகரெட் லைட்டர் துளையில் சொருகிக் காற்றடிக்கும் சின்ன மெஷின், அரம் போன்ற ஊசி, துளையில் திணிக்கிற பிசின் தடவிய ரப்பர் திரிகள், கூடவே பேனா அளவில் காற்று பார்க்கும் கருவி. மறுநாளிலிருந்து தினமும் காலையில் கிளம்பும் முன் நாலு சக்கரத்திலும் காற்று பார்த்து ஒரு நோட்டில் எழுதத் தொடங்கினாள். பழைய டயர்கள் எதையும் வெளியில் காட்டவில்லை, இவை காட்டுகின்றன. அதுவே அவளுக்குப் பிடித்திருந்தது.

ஆறாவது நாள் இடது பின் சக்கரத்தில் நான்கு பாயிண்ட் காற்று குறைந்திருந்தது. மறுநாள் இன்னும் மூன்று. தானே ஒட்டிப் பார்க்கலாம் என்று அந்தப் பெட்டியைத் திறந்தாள். ஆணியின் தலை மட்டும் தெரிந்தது, குறடால் எவ்வளவு இழுத்தும் வரவில்லை. அதனால் மெதுவாக ஓட்டிக்கொண்டு சவுக்குத்தோப்பு முனைக்குப் போனாள். ஊரிலிருந்து அரியாங்குப்பத்துக்குப் போகும் குறுக்கு வழிதான் சவுக்குத்தோப்பு ரோடு. அது மெயின் ரோட்டில் சேருமிடத்தில் சக்கரபாணியின் பஞ்சர் கடை இருந்தது.

சக்கரபாணிக்கு நாற்பது வயதிருக்கும். அதிகம் பேசாத மனிதர். ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து, ஆணியைப் பிடித்து இழுக்காமல் திருகினார். திருகு போல் சுழன்று வெளியே வந்தது.

"திருகினா வருதா?" என்றாள் பாக்யலட்சுமி.

"முறுக்கு ஆணிம்மா. உடம்புல முறுக்கு இருக்கும், பாருங்க. இழுத்தா வராது. காத்தும் சட்டுனு போகாது, கொஞ்சம் கொஞ்சமாத்தான் கசியும்." சோப்புத் தண்ணீர் தெளித்துக் காட்டினார். துளையில் குமிழ் மெல்ல எழும்பியது.

"எப்பவும் பின்சக்கரத்துலயே குத்துது. முன்சக்கரம்தானே முதல்ல போகுது?"

இதுவரை யாரும் அவரிடம் இப்படிக் கேட்டதில்லை போலிருந்தது. கையை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார்.

"ஆணி ரோட்டுல படுத்துத்தான் கிடக்கும். முன்சக்கரம் ஏறினதும் எகிறி எழுந்து நிக்கும். அந்த நேரம் பின்சக்கரம் வந்து மேல உக்காரும். எதுர்ல வண்டி வந்தா நீங்க எந்தப் பக்கம் ஒதுங்குவீங்க?"

"இடது பக்கம்."

"அதான்."

அவளுக்கு அந்த விளக்கம் ரொம்பப் பிடித்துவிட்டது. "அந்த ஆணிய எங்கிட்ட குடுங்கண்ணா," என்று கை நீட்டினாள்.

சக்கரபாணியின் முகம் மாறியது. "ஆணி எதுக்கும்மா?"

"சும்மா. சேத்து வைக்கிறேன்."

"யார்கிட்ட காட்டுறதுக்கு?"

அவர் கேட்ட விதம் அவளுக்குப் புரியவில்லை. ஆணியைத் தட்டில் போட்டுவிட்டு அவர் உள்ளே போனார். அவள் தானே அதை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

காரணத்தை மறுநாள் அஞ்சலாட்சியின் டிபன் கடையில் தெரிந்துகொண்டாள். அஞ்சலாட்சி சவுக்குத்தோப்பு ரோட்டின் நடுவில் கடை வைத்திருந்தவள். ஐம்பதைத் தாண்டியவள், குரல் பெரிது. அவளிடம் இட்லி வாங்காமல் அந்தப் பக்கத்தில் பலருக்குக் காலை விடியாது.

"பஞ்சரா? நாலு மாசமா இந்த ரோட்டுல போற எல்லாருக்கும் பஞ்சர்தான் பாக்யா. என் மொபெட்டுக்கு மட்டும் ரெண்டு தடவ," என்றாள் அஞ்சலாட்சி. "அவன்தான் போடுறான்."

"யாரு?"

"முனையில இருக்கானே, சக்கரபாணி. காலைல இருட்டோட வந்து ஆணிய தூவிட்டுப் போறான். இல்லன்னா அவன் கடைக்கு யாரு வருவா? நான் இப்ப அவன்கிட்ட போறதே இல்ல, தள்ளிக்கிட்டே அரியாங்குப்பம் போயிடுறேன்."

பெஞ்சில் சாப்பிட்டுக்கொண்டிருந்த இரண்டு பேரும் தலையாட்டினார்கள்.

"தூவுறத பாத்தீங்களாக்கா?"

"பாத்தா விட்டுருவேனா?"

வீட்டில் கலைச்செல்வனும் அதையேதான் சொன்னான். "ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம். நீ என்னமோ நோட்டு போட்டு எழுதிக்கிட்டு இருக்க."

பாக்யலட்சுமிக்கு நம்பவும் முடியவில்லை, தள்ளவும் முடியவில்லை. சோப்புத் தண்ணீர் தெளித்துக் குமிழைக் காட்டிய மனிதர் அப்படிச் செய்வாரா? ஆனால் மனிதரைப் பார்த்து ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று சொல்ல முடியாது என்பதும் அவளுக்குத் தெரியும். சோதித்துப் பார்க்க வேண்டும்.

ஊரிலிருந்து மெயின் ரோட்டுக்கு வர இரண்டு வழிகள். ஒன்று இந்தக் குறுக்கு வழி, இன்னொன்று கோயில் பக்கமாகச் சுற்றி வரும் பெரிய ரோடு. ஒரு வாரம் முழுக்கப் பெரிய ரோட்டில் போய் வந்தாள். ஒருநாள்கூடக் காற்று குறையவில்லை. அடுத்த வாரம் சவுக்குத்தோப்பு வழியாக மட்டும் போனாள். நாலாவது நாள் இடது பின் சக்கரத்தில் ஐந்து குறைந்தது. இந்த முறை ஆணியைத் திருகி எடுத்து, அரத்தால் துளையைத் தேய்த்து, திரியைத் திணித்து, அன்று ராத்திரி வாசலில் உட்கார்ந்து தானே ஒட்டினாள். முட்டியெல்லாம் பிசின். காற்றடித்து சோப்புத் தண்ணீர் தெளித்தபோது குமிழ் வரவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது, கலைச்செல்வன் தூங்கிக்கொண்டிருந்தான்.

ஆணிகள் சவுக்குத்தோப்பு ரோட்டில்தான் இருக்கின்றன என்பது உறுதியானது. அந்த ரோட்டின் முனையில்தான் சக்கரபாணியின் கடையும் இருந்தது. அவள் செய்த சோதனை ஊர் சொன்னதற்கே சாட்சியாகப் போய்விட்டதே என்று அவளுக்கு மனசு சங்கடப்பட்டது. நோட்டைக் கலைச்செல்வனிடம் காட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை குப்பியைக் கவிழ்த்து, பத்து ஆணிகளையும் வெள்ளைத் துணியில் பரப்பிப் பார்த்தாள். எல்லாம் முறுக்கு ஆணிகள். வீட்டில் இருந்த சாதாரண ஆணி ஒன்றை எடுத்து ஒப்பிட்டாள். அது பளபளவென்று இருந்தது. இவை கருநீலமாக, பூச்சே இல்லாமல். வீட்டு ஆணியைக் குறடால் வளைத்தாள்; விறைத்துக்கொண்டு நின்றது. கறுப்பு ஆணியை வளைத்தாள். அலுமினியக் கம்பி மாதிரி சுலபமாக மடங்கியது.

அந்தக் கருநீலத்தை அவள் எங்கேயோ பார்த்திருந்தாள். எங்கே என்று இரண்டு நாள் யோசித்தாள். செவ்வாய்க்கிழமை பரிசோதனைக் கூடத்தில், ஊசி ஒன்றை பர்னர் நெருப்பில் காட்டிக் கிருமி நீக்கும்போது அது சிவந்து, ஆறி, நுனி கருநீலமானது. கையிலிருந்த ஊசியையே பார்த்துக்கொண்டு நின்றாள். "என்னாச்சு மேடம்?" என்று பக்கத்து மேசையிலிருந்து கேட்டார்கள்.

அந்த ஆணிகள் நெருப்புக்குள் இருந்துவிட்டு வந்தவை; சுட்டு ஆறியதால்தான் அவ்வளவு சுலபமாக மடங்கின. கடையில் வாங்கித் தூவுகிறவன் எதற்காக ஆணியைச் சுட வேண்டும்?

மத்தியானம் மார்க்கெட் பக்கத்து ஹார்டுவேர் கடையில் ஒரு ஆணியைக் காட்டினாள். கடை முதலாளி விஜயராகவன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"இது நம்ம கடைங்கள்ல கிடைக்காதும்மா. ஆணி அடிக்கிற துப்பாக்கி மாதிரி மெஷின் இருக்கு, அதுல வச்சு அடிக்கிறது. கம்பெனில சரக்கு அடுக்கறதுக்கு மரச்சட்டம் வச்சிருப்பாங்களே, பேலட்டு, அதுல அடிக்கிறது. கழண்டு வரக் கூடாதுன்னுதான் முறுக்கு."

"இந்த சட்டமெல்லாம் உடைஞ்சா என்ன பண்ணுவாங்க?"

"என்ன பண்ணுவாங்க, விறகுக்குப் போட்டுருவாங்க."

பாக்யலட்சுமி நேராகச் சக்கரபாணியிடம் போனாள். அவர் ஒரு சைக்கிள் ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டிருந்தார். காரைப் பார்த்தார், சக்கரங்களைப் பார்த்தார், நான்கிலும் காற்று இருந்தது. "என்னாம்மா?" என்றார் தயக்கத்தோடு.

குப்பியை அவர் முன்னால் வைத்து, நெருப்பு, பேலட், விறகு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். கேட்டு முடித்ததும் அவர் குப்பியை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப நீங்க நான்னு நினைக்கலையா?" என்றார் கடைசியில்.

பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை. "ரெண்டு வாரம் நினைச்சேன்ணா."

சக்கரபாணி மெல்லத் தலையசைத்தார். "நானும் தேடினேன்மா. காலைல வெளிச்சம் வந்ததும் ரோட்டோரமா நடந்து பொறுக்குவேன். அத பாத்துட்டுத்தான் தூவுறேன்னு கிளப்பிட்டாங்க. அப்புறம் அதையும் விட்டுட்டேன்."

பொறுக்கப் போனவரைத்தான் தூவுகிறவராகப் பார்த்திருக்கிறார்கள். பாக்யலட்சுமி ரோட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

"கண்ணால பொறுக்கினா எத்தன கிடைக்கும்? ஒரு காந்தம் இருந்தா?" என்றாள்.

அவர் எழுந்து உள்ளே போய், பழைய ஒலிபெருக்கி ஒன்றைப் பிரித்து, சாப்பாட்டுத் தட்டு அளவிலிருந்த வட்டக் காந்தத்தை எடுத்து வந்தார். அதன் நடுத்துளையில் கயிறு கட்டியபோது அவர் முகத்தில் முதல்முறையாக ஒரு சுறுசுறுப்பு தெரிந்தது. "ஆனா தனியா வரமாட்டேன்மா. நீங்களும் கூட வரணும். நாலு பேரு பாக்கட்டும்."

மறுநாள் அவளுக்கு விடுமுறை. ஆறரை மணிக்கு இருவரும் முனையிலிருந்து தொடங்கினார்கள். சக்கரபாணி கயிற்றைப் பிடித்து ரோட்டோரமாக இழுத்துக்கொண்டு நடந்தார். காந்தம் மண்ணில் கரகரத்துக்கொண்டு வந்தது. ஐம்பது அடிக்கு ஒருதரம் நின்று புரட்டிப் பார்த்தார்கள். முதலில் துருப்பொடி, ஒரு பாட்டில் மூடி, ஒரு ஆணி. அடுத்த ஐம்பதடியில் இரண்டு ஆணி. பிறகு நான்கு.

"கூடிக்கிட்டே போவுது," என்றார் சக்கரபாணி.

வளைவு வந்தது. குழாய் பதிக்கத் தோண்டி, சரியாக மூடாமல் விட்ட பள்ளம் அங்கே ரோட்டின் பாதியை விழுங்கியிருந்தது. நாலைந்து மாதமாக யாரோ அதைக் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பி வந்தார்கள். பள்ளம் இப்போது பாதி ஆழம்கூட இல்லை. எல்லா வண்டிகளும் வேகத்தைக் குறைத்து அதன்மேல் ஏறிப் போயின. சக்கரபாணி காந்தத்தை அதில் இழுத்துவிட்டுத் தூக்கினார்.

காந்தம் தெரியவில்லை. கறுப்பு ஆணிகள் அதன்மேல் முள்ளம்பன்றி மாதிரி சிலிர்த்துக்கொண்டு நின்றன. அறுபதோ எழுபதோ இருக்கும்.

பாக்யலட்சுமி குனிந்து பள்ளத்து மண்ணை அள்ளினாள். மண் இல்லை, சாம்பல். நடுநடுவே செங்கல் துண்டு, கரித்துண்டு.

"யாரு இங்க சாம்பல் கொட்டுறது?" என்று அவள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, இரும்பு வாளியை இடுப்பில் சாய்த்துக்கொண்டு அஞ்சலாட்சி வந்தாள். முதலில் சக்கரபாணியைப் பார்த்தாள், பிறகு அவர் கையில் இருந்த ஆணிக் கொத்தைப் பார்த்தாள்.

"பாத்தியா பாக்யா, கையும் களவுமா!" என்று அவள் குரல் உயர்ந்தது.

"அக்கா, வாளியில என்ன?" என்றாள் பாக்யலட்சுமி.

"சாம்பல். அடுப்புச் சாம்பல். ஏன்?"

"இங்க கொட்டவா?"

"ஆமா, தினம் ரெண்டு வாளி கொட்டுறேன். போன ஐப்பசில என் கண்ணு முன்னாடி ஒரு பொண்ணு ஸ்கூட்டியோட இதுல விழுந்துச்சு. கை முறிஞ்சு எலும்பு தெரிஞ்சுது. நான்தான் துணியக் கட்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். யாரும் வந்து மூடல. சரி, நம்மளே மூடுவோம்னு ஆரம்பிச்சேன். அதுல என்னா தப்பு?"

தப்பில்லை என்று சொல்லத்தான் பாக்யலட்சுமிக்குத் தோன்றியது. ஆனால் வேறு வழியில்லை. "அடுப்புக்கு என்ன விறகுக்கா?"

"முன்னல்லாம் சவுக்கு. இப்ப கம்பெனி கட்டை. லோடு லோடா கொண்டாந்து போடுறாங்க, நல்லா எரியுது..." அஞ்சலாட்சி பாதியில் நிறுத்தினாள்.

சக்கரபாணி காந்தத்தில் இருந்த ஆணிகளை வழித்துவிட்டு, அதை வாளிக்குள் மெல்ல இறக்கி எடுத்தார். சாம்பல் உதிர உதிர ஆணிகள் தெரிந்தன. அஞ்சலாட்சி வாளியைக் கீழே வைத்தாள். சாம்பலுக்குள் கையை விட்டுத் துழாவினாள். விரல்களுக்கிடையே ஒரு ஆணி வந்தது, இன்னொன்று வந்தது.

"தினமும் முறத்தால அள்ளுறேனே. கண்ணுக்குத் தெரியலையே," என்றாள். குரல் மிகவும் சின்னதாகிவிட்டது. "அப்ப என் மொபெட்டுக்கும் நானேதானா?"

ஒரு பள்ளிக்கூட வேன் ஹாரன் அடித்தது. மூவரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். அது பள்ளத்தில் இறங்கி ஏறிப் போனது.

"அக்கா," என்றார் சக்கரபாணி, "ஒரு வார்த்த என்கிட்ட வந்து கேட்டிருக்கலாம். கேட்டிருந்தா ரெண்டு பேரும் சேந்தே தேடியிருப்போம்."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அஞ்சலாட்சியைத் தாக்கியது போலிருந்தது. அவர் காந்தத்தை அங்கேயே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் கடைக்கு நடந்தார்.

அன்று முழுவதும் பாக்யலட்சுமிக்கு நிம்மதியில்லை. விடை கிடைத்துவிட்டது, ஆனால் கிடைத்தபோது பக்கத்தில் இரண்டு பேர் நின்றார்கள். இரண்டு பேருக்கும் வலித்தது. ரத்தக் குப்பிக்குள் மனிதர்கள் இருப்பதில்லை. முடிவை எழுதிக் கையெழுத்துப் போட்டால் அவள் வேலை முடிந்துவிடும். இங்கே அப்படி முடியவில்லை. சாயங்காலம் கலைச்செல்வனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் நோட்டை வாங்கி முதல் பக்கத்திலிருந்து படித்தான்.

"நானும்தான் அவர அப்படிச் சொன்னேன்," என்றான். நோட்டை மூடிவிட்டு, "துறைமுகத்துல பழைய ஓட்டுத் துண்டு மலையா குவிச்சு வச்சிருக்காங்க. நாளைக்கு லாரில கொண்டாரட்டுமா, அந்தப் பள்ளத்துக்கு?" என்று கேட்டான்.

மறுநாள் காலை அவன் லாரியோடு வந்தபோது அஞ்சலாட்சியின் கடையில் கூட்டமாக இருந்தது. பாக்யலட்சுமியும் காரை ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கினாள். அஞ்சலாட்சி இட்லித் தட்டை வைத்துவிட்டு, கரண்டியும் கையுமாகக் கடை வாசலில் வந்து நின்று பேசினாள். அவளுக்கு மெதுவாகப் பேச வராது.

"எல்லாரும் கேட்டுக்கோங்க. இத்தன நாள் உங்க வண்டியில குத்தினது என் அடுப்பு ஆணி. சக்கரபாணி போடல. அவன் பொறுக்கினான், நான்தான் தூவுறான்னு சொன்னேன். நான் சொன்னதுல யாரு யாரு அவன திட்டினீங்களோ, அந்தத் திட்டெல்லாம் எனக்கு."

ஒருவர் சிரித்தார். இன்னொருவர், "போக்கா, இதப் போய்..." என்றார். அஞ்சலாட்சி சிரிக்கவில்லை. கரண்டியை உள்ளே வைத்துவிட்டு, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு முனையை நோக்கி நடந்தாள். கடை முன்னால் அவளும் சக்கரபாணியும் நின்று பேசுவது தூரத்திலிருந்து தெரிந்தது. என்ன பேசினார்கள் என்பது கேட்கவில்லை. திரும்பி வந்தபோது கூடவே அவரும் வந்தார், கையில் மண்வெட்டியோடு.

சாம்பல் முழுவதையும் வெட்டி எடுத்து, காந்தத்தால் துழாவி, ஓட்டுத் துண்டுகளைப் போட்டு இடித்து, மேலே மண் பரப்பி முடிக்கும்போது பத்து மணியாகிவிட்டது. பாக்யலட்சுமி பரிசோதனைக் கூடத்துக்குத் தாமதமாகப் போய் இரண்டு பேரிடம் பேச்சு வாங்கினாள்.

அதன்பிறகு அஞ்சலாட்சி கம்பெனி கட்டையை நிறுத்தவில்லை. அது நன்றாகத்தான் எரிந்தது. ஆனால் காந்தத்தை முறத்துக்குப் பக்கத்தில் தொங்கவிட்டிருந்தாள். சாம்பலை அள்ளும்போதெல்லாம் அது ஒருமுறை வாளிக்குள் போய் வரும்.

ஒரு மாதம் இடது பின் சக்கரத்தில் காற்று குறையவேயில்லை. அந்த மாத முடிவில், சக்கரங்களை முன்னும் பின்னுமாக மாற்றிப் போடுவதற்காகப் பாக்யலட்சுமி சக்கரபாணியிடம் போனாள். கடையில் வேறு வண்டி எதுவும் இல்லை.

"வேல கம்மியாயிடுச்சாண்ணா?" என்று தயங்கிக் கேட்டாள்.

"பாதிக்குப் பாதி கம்மி," என்றார் அவர் ஒளிக்காமல். ஜாக்கியின் கைப்பிடியைச் சுழற்றிக்கொண்டே சொன்னார்: "என் பொண்ணு ஏழாவது படிக்குதும்மா. பள்ளிக்கூடத்துல அதுக்கு ஆணிக்காரன் பொண்ணுன்னு பேர் வச்சிருந்தாங்க. வீட்டுல சொல்லாம இருந்திருக்கு. போன வாரம்தான் அம்மாகிட்ட சொல்லியிருக்கு, இப்ப யாரும் அப்படிக் கூப்பிடறதில்லன்னு."

அவர் சக்கரத்தைக் கழற்றி உருட்டிக்கொண்டு வர, பாக்யலட்சுமி போல்ட்டுகள் மண்ணில் உருண்டு போகாமல் ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் போட்டாள்.